ஏழாம் தீர்மானமும் ஒரு ஜோடிக் கால்களும்

1937-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் நாலாம் தேதி, சனிக்கிழமை, பகல் மூன்று மணிக்குத் தென்காசி தர்மபரிபாலன ஹைஸ்கூல் நிர்வாகக் கமிட்டியின் அவசரக் கூட்டம் ஹெட்மாஸ்டர் அறையில் கூடியது. ஆஜரானவர்களும் அவர்கள் உட்கார்ந்த இடங்களும் பின்வருமாறு.

ஹெட்மாஸ்டரின் கை வைத்த நாற்காலியில் கமிட்டித் தலைவர் பெரியவீட்டு வீரபாகு பண்ணையார். கோவிலில் முதல் மரியாதை அவருக்கு. அவருக்கு வலப்புறம் காரியதரிசி வக்கீல் நம்பிராஜன். அவர் நடுவீட்டுக்காரர், இரண்டாம் மரியாதை. அவர் நாற்காலி தலைவருடையதைவிட ஓர் அங்குலம் தாழ்வு என்பதால், தம்முடைய கோட்டை நாலாக மடித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். ஹெட்மாஸ்டர் காந்திமதிநாதன், பி.ஏ., எல்.டி., தம்முடைய அறையில், முதலாம் பாரத்திலிருந்து கொண்டுவந்த பெஞ்சில், முழங்கால் தாடையைத் தொடும்படி இருந்தார். டிரில் மாஸ்டர் இசக்கியப்பன் கதவோரம் நின்றார். டிரில் மாஸ்டருக்கு நாற்காலி என்ற இனம் பள்ளிக்கூடச் சாமான் ஜாபிதாவில் இல்லை. குமாஸ்தாவாகிய நான், நல்லக்கண்ணு, ஜன்னலடியில் முக்காலியில், மைக்கூட்டுடன்.

வெளியே புங்கமரத்தடியில் ஆறாம் பாரம் மாணவன் சுடலையாண்டியும் அவன் தாயார் மாடத்தியும் நின்றார்கள். கூட்டம் அவர்களைப் பற்றியது என்பதால் அவர்களை உள்ளே அழைக்கவில்லை. வாசலில் வண்டிக்காரன் பரீது ஜட்காவைப் பூட்டி வைத்திருந்தான்.

முடிக்கவேண்டிய காரியம் இரண்டு. ஒன்று, பள்ளிக்கூட ரக்பி டீம்களின் இந்த சீசன் ரிப்போர்ட்டை எழுதிக் கையெழுத்திட்டு, ஐந்து மணிக்குள் குற்றாலம் பங்களாவில் துரை கையில் சேர்ப்பது. துரை கல்வி இலாகாவில் பெரியவர். அன்று சாயந்தரம் மதராஸுக்கு ரயிலேறுகிறார். விஞ்ஞானக் கட்டிடத்துக்கு நமக்குச் சிபாரிசு செய்வதா வேண்டாமா என்பதை அந்த ரிப்போர்ட்டைப் படித்துவிட்டே எழுதுவார். இரண்டாவது, சுடலையாண்டிக்கு டி.சி. கொடுத்து அனுப்புவதா என்பது. செப்டம்பரில் டி.சி. வாங்கியவனை எந்தப் பள்ளிக்கூடமும் சேர்க்காது. மார்ச்சுப் பரீட்சை போய்விடும். சுந்தரபாண்டியபுரத்தில் பண்ணையாருடைய வயலில் அவன் அப்பன் பிடிக்கிற ஏரை அவன் பிடிக்க வேண்டியதுதான்.

ரக்பி எங்களுக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் துரை சாரல் அனுபவிக்கக் குற்றாலம் வந்தபோது ஒரு பந்தையும் ஒரு ரூல் புத்தகத்தையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். பந்து, பலாக்கொட்டையை வீங்கவைத்த மாதிரி இருந்தது. ஊரில் அதை முன்பே பார்த்திருந்தவர் இசக்கியப்பன் ஒருவரே. பழைய ஹவில்தார், யுத்தத்தின்போது பாஸ்ராவில் காவல் நிற்கையில் வெள்ளைச் சிப்பாய்கள் அதை வைத்துக்கொண்டு மணலில் உருண்டதைத் தூரத்திலிருந்து ஒரு சாயந்தரம் பார்த்தவர். ஆகவே அவரே நிபுணரும், ஆட்டத்துக்கு ரெப்ரியும், அதாவது நடுவரும், ஆனார். பள்ளிக்கூடத்தில் அவருக்கு ஐந்து வருஷமாகத் தற்காலிக உத்தியோகம்.

ரூல் புத்தகத்தைக் கமிட்டியில் வாசித்தபோது பாதிக்கு மேல் யாருக்கும் விளங்கவில்லை. ஆனால், "பந்தை முன்னால் இருப்பவனுக்குக் கொடுக்கக் கூடாது, பின்னால் இருப்பவனுக்கே கொடுக்க வேண்டும்" என்ற விதி வந்ததும் பண்ணையார் மேஜையைத் தட்டினார்.

"நம்ம கோவில்ல நடக்கிறதுதானவே இது! முன்ன நிக்கிறவனுக்கு முதல்ல. அவன் வாங்கிட்டுப் பின்ன நிக்கிறவனுக்கு விடணும். வெள்ளைக்காரன் எங்கனயோ நம்ம கோவிலைப் பாத்துட்டுப் போய் எழுதியிருக்கான்."

அன்று முதல் ரக்பி எல்லோருக்கும் விளங்கிவிட்டது. கோவில் மரியாதை ஜாபிதாவை வைத்து ஏ டீமுக்குப் பதினைந்து பேர் எடுத்தோம். பண்ணையாரின் பேரன் முத்துக்குமாரசாமி முதல் ஆள். ஜாபிதாவில் இல்லாதவர்கள் பி டீம். எல்லோரும் குனிந்து தலையோடு தலை முட்டித் தள்ளுகிற கட்டத்தில், முதல் மரியாதைக்காரன் சுவாமி சந்நிதியில் தவிர வேறெங்கும் தலை குனியலாகாது என்பதால், முத்துக்குமாரசாமி மட்டும் நிமிர்ந்து நிற்க, மற்ற இருபத்தொன்பது பேரும் குனிந்தார்கள்.

சங்கடம் டாக்கிளில் வந்தது. பந்தோடு ஓடுகிறவனைக் காலைக் கட்டிப் பிடித்து விழுத்தாட்ட வேண்டும் என்று புத்தகம் சொல்லியது. ஊர் நடுவே ஒருவன் இன்னொருவன் காலைப் பிடிப்பதற்கு என்ன அர்த்தம் என்று இங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். இரண்டு நாள் விவாதித்து ஏழாம் தீர்மானம் நிறைவேறியது. (அ) மேல்வரிசை வீட்டுப் பையன் கீழ்வரிசைப் பையனின் காலைப் பிடிக்கலாகாது. (ஆ) கீழ்வரிசைப் பையன் மேல்வரிசைப் பையனை விழுத்தாட்டலாகாது, மீறினால் டி.சி. கொடுக்கப்படும். சமமானவர்கள் ஒருவரையொருவர் பிடிக்கலாம் என்று (இ) சொல்லியது. ஆனால் எந்த இரண்டு வீட்டாரும் தாங்கள் சமம் என்று எழுதிக்கொடுக்க முன்வரவில்லை.

ஆகவே மூன்று சீசனாக யாரும் யாரையும் பிடிக்கவில்லை. பந்து வைத்திருந்தவன் ஓடினான். மற்றவர்கள் மரியாதையாகப் பக்கத்திலேயே ஓடினார்கள். ஏ டீம் பின்தங்கியிருந்தால், பந்தோடு ஓடிய பி டீம் பையன் கடைசிக் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்று, ஏ டீம் ஆள் வந்து பந்தை வாங்கிக்கொள்ளும்வரை காலைத் தேய்த்துக்கொண்டு காத்திருப்பான். எதிர்த்து ஆட ஜில்லாவில் வேறு பள்ளிக்கூடம் இல்லாததால் இரண்டு டீமும் தங்களுக்குள்ளேயே ஆடின. இந்த சீசனில் ஆட்டம் பதினொன்று, பள்ளிக்கூடத்துக்கு வெற்றி பதினொன்று, தோல்வி பதினொன்று. தோல்வியைப் பள்ளிக்கூடத்தின் பெயரில் எழுதுவது கௌரவமல்ல என்பதால் பி டீமின் பெயரில் எழுதிவந்தோம்.

பதினோராவது ஆட்டம், போன சனிக்கிழமை நடந்தது. துரையே வந்து குடை பிடித்து உட்கார்ந்து பார்த்தார். பி டீமில் ஒருவனுக்குக் காய்ச்சல் என்று சுடலையாண்டியைச் சேர்த்திருந்தார் இசக்கியப்பன். அவனுக்கு வழக்கம் தெரியாது. ரூல் புத்தகத்தைப் படித்திருந்தான்.

பந்து கைமாறிக் கைமாறிக் கடைசியில் அவனிடம் வந்தது. ஓடினான். கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நிற்கப் போகிறவன் ஓட்டமாக அது இல்லை. துரை குடையை எறிந்துவிட்டு எழுந்து நின்று இங்கிலீஷில் கத்தினார். இசக்கியப்பன், மேலதிகாரி கத்தினால் அதைத் தமிழில் திருப்பிக் கத்துவது ராணுவத்துப் பழக்கம் ஆகையால், "காலைப் பிடிலே!" என்று கத்திவிட்டார். பக்கத்தில் ஓடிய முத்துக்குமாரசாமி பாய்ந்து சுடலையாண்டியின் இரண்டு கால்களையும் கட்டிக்கொண்டான். இருவரும் சகதியில் விழுந்தார்கள். துரை கைதட்டினார். மைதானத்தைச் சுற்றி நின்ற நானூறு பேரில் வேறு யாரும் கைதட்டவில்லை.

அவசரக் கூட்டத்துக்குக் காரணம் இதுதான். இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

மூன்று பத்துக்குப் பண்ணையார் தொண்டையைக் கனைத்தார்.

"வே இசக்கியப்பன், நீருதான் ரெப்ரி. அன்னைக்கு என்னத்தைப் பாத்தீரு?"

"எல்லாரும் பாத்ததைத்தான் ஐயா பாத்தேன். சின்னவரு தாவிப் பையன் காலைக் கட்டிக்கிட்டாரு. ரெண்டு பேரும் விழுந்தாங்க."

"விழுந்தபோது சின்னவர் தலை எங்கன இருந்தது?" என்று காரியதரிசி கேட்டார். கேள்வி கோர்ட்டில் கேட்பது போல் மெதுவாக வந்தது.

"பாதத்துல, ஐயா."

"வலது பாதமா, இடதா?"

"ரெண்டுலயும்."

பண்ணையார் கண்ணை மூடிக்கொண்டார். காரியதரிசி மடித்த கோட்டின்மேல் நிமிர்ந்தார்.

"அண்ணாச்சி, நான் நடுவீட்டுக்காரன். பரிவட்டம் எனக்கு ரெண்டாவதாத்தான் வருது. எங்க அப்பாவுக்கும் ரெண்டாவதாத்தான் வந்தது. இதைப்பத்தி நான் ஒரு வார்த்தை பேசினது உண்டா? தூக்கம் வராதபோது நினைச்சுப் பாப்பேன், அம்புட்டுதான். ஆனா ஐப்பசித் திருவிழாவுக்கு ஒண்ணரை மாசம்தான் கிடக்கு. குத்தகைக்காரன் மகன் காலில் விழுந்த வீட்டுக்கு முதல் பரிவட்டமான்னு ஊர்ல எவனாவது கேட்டா, காரியதரிசிங்கிற முறையில நான் என்ன பதில் சொல்ல?"

"எவன் கேக்கான்?"

"இதுவரைக்கும் நான் மட்டும்தான் கேக்கேன்."

"அந்தச் சங்கதியை ரிப்போர்ட்ல எழுதாம விட்டுட்டா?" என்றார் பண்ணையார்.

ஹெட்மாஸ்டர் பெஞ்சிலிருந்து எழ முயன்று, முடியாமல், உட்கார்ந்தபடியே துரையின் கடிதத்தைத் தமிழில் சொன்னார். மூன்று வருஷத்தில் தாம் பார்த்த முதல் நிஜமான ரக்பி அந்த டாக்கிள்தான் என்றும், அதைச் செய்தவன் யார், செய்யப்பட்டவன் யார் என்று ரெப்ரி கையெழுத்துடன் ரிப்போர்ட்டில் கண்டிருக்க வேண்டும் என்றும், கண்டிராவிட்டால் கட்டிடத்தைப் பற்றித் தாம் எழுத ஒன்றுமில்லை என்றும் துரை எழுதியிருந்தார்.

"மாணவர்களிடம் சமத்துவத்தை வளர்ப்பதே ரக்பியின் லட்சியம்," என்று ஹெட்மாஸ்டர் தம் பங்குக்குச் சேர்த்தார். "ஆகையால் யார் யாருக்குச் சமம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு, அதற்குட்பட்டு வளர்க்க வேண்டும். நம் பள்ளியில் அப்படித்தான் வளர்த்து வருகிறோம்."

மூன்று முப்பதுக்கு, சின்னவர் வழுக்கி விழுந்தார் என்று எழுதலாம் என்ற யோசனை வந்தது. வழுக்குகிறவன் இரண்டு கையாலும் கட்டிப் பிடிக்கமாட்டான் என்று காரியதரிசி தள்ளிவிட்டார். வாசலில் குதிரை கனைத்தது.

"ஐயா, நேரம் போகுது," என்று பரீது ஜன்னல் வழியாகச் சொன்னான். "மேலகரம் பக்கம் ரோடு முழுக்கத் தண்ணி. பறக்கிறதுக்கு இது குதிரைதான், துரை மோட்டார் இல்ல."

மூன்று நாற்பதுக்குப் பண்ணையார் முகம் தெளிந்தது.

"பேரை மாத்தி எழுதுங்க. எம்பேரன் பந்தோட ஓடினான். சுடலையாண்டி அவன் காலைப் பிடிச்சான். அவன் பிடிக்கவேண்டிய காலுதானே?"

"ரெண்டு பேரும் அன்று ஒரே சகதி. துரைக்கு அடையாளம் தெரிந்திருக்காது," என்றார் ஹெட்மாஸ்டர்.

"எனக்கும் ஆட்சேபணை இல்லை," என்றார் காரியதரிசி, சற்று வருத்தமாகவே. "ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கே. கீழ்வரிசைப் பையன் மேல்வரிசைப் பையனை விழுத்தாட்டினா டி.சி.ன்னு ஏழாம் தீர்மானம் (ஆ) சொல்லுது. ரிப்போர்ட்ல அப்படி எழுதிட்டு நாம சும்மா இருந்தா, சம்மதிச்சதா ஆகும். ஆக முதல் காரியம் முடிஞ்சா ரெண்டாவது காரியமும் முடிஞ்சது."

இசக்கியப்பன் ஒரு அடி முன்னால் வந்தார்.

"ஐயா, அவன் பிடிக்கலையே. அவன் காலைத்தானே பிடிச்சாங்க?"

"ரிப்போர்ட்ல பிடிச்சிருக்கான்லா?" என்றார் பண்ணையார்.

விளக்கம் கேட்காமல் டி.சி. கொடுத்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்று சுடலையாண்டியை வாசற்படி வரை அழைத்தார்கள்.

"கோட்டுக்கு முன்னால ஏன்லே நிக்கலை?" என்று பண்ணையார் கேட்டார்.

"பந்து கையில இருந்தா ஓடணும்னு போட்டிருக்கு ஐயா. பதினாலாம் பக்கம்."

"நம்ம கமிட்டி விதி தெரியாதோ?"

"அதை அச்சுப் போடலையே ஐயா."

"ஏலே, வாயைக் குறைலே!" என்று மரத்தடியிலிருந்து மாடத்தி சத்தம் போட்டாள். பிறகு அவளே படியருகில் வந்து முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டாள். "ஐயா, அவன் ஓடினது தப்புதான். வயக்காட்டுல பன்னி விரட்டி விரட்டி ஓடிப் பழகிட்டான். இனிமே நடக்கச் சொல்லுதேன். எங்க போனாலும் நடப்பான். பரீட்சைக்கு மட்டும் இருக்க விடுங்க."

"பரிசீலிப்போம்," என்றார் ஹெட்மாஸ்டர். அவர் எதையும் பரிசீலித்து நான் பார்த்ததில்லை.

நான்கு மணிக்கு யாரும் கூப்பிடாமலே முத்துக்குமாரசாமி வந்தான். வலது முழங்காலில் துணி கட்டியிருந்தான். படியில் நின்ற சுடலையாண்டியைப் பார்த்து, "முதுகு எப்படிலே இருக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே நுழைந்தான்.

"தாத்தா, பேரை மாத்தி எழுதப் போறீங்களாமே. அந்தப் பிடி என் பிடி."

"நீ பிடிக்கலலே."

"பிடிச்சேன். மூணு வருஷமா பக்கத்துல பக்கத்துல ஓடிக்கிட்டுக் கிடந்தேன். ஒரே ஒரு தடவை பிடிச்சேன். துரை கைதட்டினாரு. அதையும் அவனுக்குக் கொடுக்கீங்க?"

"நீ பிடிக்கலைன்னு கமிட்டி முடிவு பண்ணியாச்சு."

"அப்ப இந்தக் காயம் யாரோடது?"

"காயம் சம்பந்தமாக இன்னும் தீர்மானம் வரவில்லை," என்றார் காரியதரிசி.

பண்ணையார் எழுந்தார். முத்துக்குமாரசாமி வெளியே போய்ச் சுடலையாண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். அதைப் பண்ணையார் பார்க்காத மாதிரி உட்கார்ந்தார்.

நான்கு பத்துக்கு ரிப்போர்ட்டை நான் நகலெடுத்து முடித்தேன். பெயர்கள் மாறியிருந்தன. டி.சி. பாரத்திலும் பெயரும் வகுப்பும் எழுதியாகிவிட்டது. "நடத்தை" என்ற இடத்தில் "கால் பிடித்தது" என்று எழுதச் சொன்னார்கள், எழுதினேன். இனி ரெப்ரி கையெழுத்து மட்டும் பாக்கி.

பண்ணையார் தம் தோல் பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்து ரிப்போர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். இசக்கியப்பனை பர்மனெண்டு செய்யும் உத்தரவு. ஐந்து வருஷமாக அது வருகிறது, வருகிறது என்று சொல்லக் கேட்டதுதான். அதற்கு நிஜமாகவே ஒரு காகிதம் உண்டு என்பதை அன்றைக்குத்தான் நானும் பார்த்தேன்.

"அதுல நீரு போடும். இதுல நான் போடுதேன்," என்றார்.

இசக்கியப்பன் பேனாவை வாங்கினார். மைக்கூட்டில் தோய்த்தார். உத்தரவைப் படித்தார். அவருக்கு நாலு பெண்பிள்ளைகள். ரிப்போர்ட்டைப் படித்தார். மறுபடி உத்தரவைப் படித்தார். பேனா முனையில் மை திரண்டு தொங்கியது; நகலில் விழுந்துவிடுமோ என்று நான் ஒற்றுக் காகிதத்தை நீட்டினேன். வெளியே மாடத்தி, மகன் சட்டையில் ஒட்டியிருந்த ஏதோ தூசியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். நான்கு இருபது.

"நேரமாகுதுவே," என்றார் காரியதரிசி.

இசக்கியப்பன் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஐயா, ஒரு விண்ணப்பம். காலைப் பிடிச்சது நான்னு எழுதிருங்க."

"நீரா?" என்றார் பண்ணையார்.

"பிடின்னு கத்தினவன் நான்தானே. பையன் கோட்டைத் தாண்டி ஓடி ஜட்காவுல மோதிருவான்னு ரெப்ரி ஓடிப்போய்க் காலைப் பிடிச்சு நிறுத்தினாருன்னு எழுதுங்க. சின்னவரு யாரையும் பிடிக்கலை. சுடலையாண்டியும் யாரையும் விழுத்தாட்டலை. கையெழுத்துப் போடுதேன்."

பண்ணையார் காரியதரிசியைப் பார்த்தார். காரியதரிசி தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார்.

"உபாத்தியாயர் ஒருத்தர் காலைப் பிடிச்சா என்ன செய்யணும்னு விதி எதுவும் இல்லை. வழக்கத்துல இருக்கான்னுதான் பாக்கணும்."

"வழக்கத்தில் இருக்கிறதே," என்று ஹெட்மாஸ்டர் உற்சாகமாகச் சொன்னார். "நான் ஹெட்மாஸ்டர் ஆன வருஷம் இதே அறையில், இதே இடத்தில், அண்ணாச்சி காலை நான்…" அவர் அங்கே நிறுத்தி, பெஞ்சின் விளிம்பைத் தடவினார்.

"அப்ப குற்றமில்லை," என்று காரியதரிசி புத்தகத்தை மூடினார்.

"துரை கண்ணால பாத்திருக்கானே?" என்றார் பண்ணையார்.

அதற்கும் ஏற்பாடு ஆயிற்று. "மேற்படி தினம் சாரல் பலமாக இருந்தபடியால் துரையவர்களின் மூக்குக்கண்ணாடி பனித்திருந்தது என்று இக்கமிட்டி ஏகமனதாகக் கருதுகிறது" என்று ரிப்போர்ட்டின் அடியில் ஒரு வாக்கியம் சேர்த்தோம். துரைக்கு டாக்கிள்தான் வேண்டும். யார் டாக்கிள் என்பது அவருக்கு ஒன்றுதான் என்று காரியதரிசி ஆறுதல் சொன்னார். நான் புதிதாக நகலெடுத்தேன். இசக்கியப்பன் கையெழுத்திட்டார். டி.சி. பாரத்தை ஹெட்மாஸ்டர் இரண்டாகக் கிழித்து, பின்பக்கம் வெறுமையாக இருந்ததால், எழுத உதவும் என்று என்னிடம் கொடுத்தார்.

மேஜையில் இன்னொரு காகிதம் கிடந்தது. பண்ணையார் அதை எடுத்து மடித்தார்.

"வே, நீரு நல்ல மனுசன். ஆனா யோசிச்சுப் பாரும். பையன் காலைப் பிடிச்சதா ரிக்கார்டுல இருக்கிற டிரில் மாஸ்டரை பர்மனெண்டு பண்ணினா, நாளைக்கு எந்தப் பையன் அட்டென்ஷன்ல நிப்பான்?"

"நியாயம்," என்றார் ஹெட்மாஸ்டர்.

"அடுத்த சீசன் ஆட்டத்தைப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்," என்று பண்ணையார் உத்தரவைப் பைக்குள் போட்டார். இசக்கியப்பன் விறைப்பாக நின்று சலாம் வைத்தார். அது பாஸ்ரா சலாம். எங்கள் பள்ளிக்கூடத்தில் அவர் அதற்குமுன் அப்படி வைத்ததில்லை.

நான்கு முப்பத்தைந்துக்கு அவர் வெளியே வந்தார். உறையை எடுத்துக்கொண்டு நான் பின்னால் வந்தேன்.

"என்னய்யா எழுதியிருக்கு?" என்று மாடத்தி கேட்டாள்.

"திங்கக்கிழமை பையனை அனுப்பு."

"பரீட்சைக்கு?"

"அதுக்கும்தான்."

அவள் அப்படியே குனிந்து அவர் காலைத் தொடப் போனாள். இசக்கியப்பன் சட்டென்று இரண்டு அடி பின்னால் குதித்தார்.

"வேண்டாம் தாயி, வேண்டாம். இருக்கிற ஒரு ஜோடிக் காலுக்கே மூணு மணியிலேருந்து கமிட்டி போட்டுக்கிட்டு இருக்கோம்."

முத்துக்குமாரசாமி சிரித்துவிட்டான். சுடலையாண்டி சிரிக்கவில்லை, டிரில் மாஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் வராந்தாவில் மெழுகுவத்தியைக் கொளுத்தி அரக்கை உருக்கினேன். காற்றில் சுடர் இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவது தடவை இசக்கியப்பன் உள்ளங்கையைக் குவித்துக் காற்றுக்கு மறைவாகப் பிடித்தார். உறையின் வாயில் மூன்று இடத்தில் அரக்கு விட்டு, ஆறுவதற்குள் பள்ளிக்கூட முத்திரையை அழுத்தினேன். மேலே "அவசரம்" என்று எழுதி, அடியில் ஒரு கோடு போட்டு, பரீதின் கையில் கொடுத்தேன். அவன் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சாட்டையை எடுத்தான். ஜட்கா குற்றாலம் ரோட்டில் திரும்பும்போது மணி நான்கு நாற்பத்திரண்டு.